உடன் நடக்கும் இசை

பியானோ ஐரோப்பாவில் பிறந்த கருவி. பிற நாட்டு மண்ணின் மணத்தை அதனால் இசைக்க இயலுமா? 1934-இல் சீனத்தின் சாங்காய் நகரில் இதற்கு ஓர் அழகிய விடை கிடைத்தது. உருசிய இசையறிஞர் அலெக்சாண்டர் செரெப்னின், சீனத்தன்மை கொண்ட பியானோ இசைக்கென ஒரு போட்டி நடத்தினார். ஹ லூதிங் இயற்றிய 'மாட்டிடையனின் குழல்' முதற்பரிசு பெற்றது. ஐந்து சுர மெட்டை ஒரு கை இசைக்க, மறு கை அதனோடு பின்னிச் செல்லும் வேறொரு மெட்டை இசைக்கும். பின்னும் முறை மேலைநாட்டினது. மெட்டின் உயிரோ சீனத்தது.

நம் மோகனமும் ஐந்து சுர இராகமே. ஆயினும் நமக்குச் சிக்கல் பெரிது. தமிழ்ப் பாடல் சுரத்திற்குச் சுரம் வழுக்கியும் அசைந்தும் செல்வது. பியானோவின் கட்டைகளோ அசையாதவை. கனத்த சுரக்கூட்டுகளை அடியில் அடுக்கினால் மெட்டு அவற்றின் வழியே இழுபட்டுத் தன் இயல்பை இழக்கும். மாறாக, இன்னொரு மெட்டை அதற்குத் துணையாக நடக்க விட்டால் இரண்டும் வாழும். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்ற இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' வழியே சிற்றூர் மெட்டுகளைத் திரைக்குக் கொணர்ந்தார். 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு, தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. 2005-இல் அவர் அங்கேரி நாட்டு இசைக்குழுவுடன் திருவாசகத்திற்கு இசையமைத்தார். அம்முயற்சிக்குத் துணைநின்றவர் கத்தோலிக்கக் குரு ஜெகத் கஸ்பார் என்பது நம் நெஞ்சை நிறைக்கும் செய்தி.

திருச்சபையும் இப்பாதையைச் சுட்டியதுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 119-ஆம் பிரிவு, மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்கப் பணிக்கிறது. அடுத்த பிரிவு ஆர்கனைப் போற்றுகிறது. இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஆனால் நடைமுறையில் ஆர்கன் பீடத்தருகே இடம்பெற, பறை சாதியின் பெயரால் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த தியாபிலஸ் அப்பாவு, மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றியபோது, நாட்டுப்புற மெட்டுகளிலேயே வழிபாடு அமைத்து அந்த வாயிலைத் திறந்தார்.

கடம்பத்தூர் போன்ற ஊர்களில் பாடும் நம் பாடகர் குழுவினர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். கீபோர்டு நமக்குப் பகையன்று. நாற்று நடும் பெண்களின் மெட்டை அது அடக்கி ஆள்கிறதா, உடன் நடக்கிறதா என்பதே கேள்வி. எம்மாவு சென்ற சீடரோடு ஆண்டவர் நடந்ததும் அவர்களுடைய வழியிலேயே அன்றோ!