முள் தைத்த இடத்திலிருந்து சிவப்பணு வரை

காலில் ஏறிய முள்ளை அப்போதே பிடுங்கி எறிந்திருப்போம். மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுடும், விண்விண்ணென்று தெறிக்கும். இன்னும் ஒரு நாள் போனால் நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொள்ளும். அந்தச் சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோஃபில்கள். நம் ரத்தத்தின் வெள்ளணுக்களில் எண்ணிக்கையில் முதலிடம் இவற்றுக்குத்தான். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை எலும்பு மஜ்ஜை உற்பத்தி செய்கிறது. உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவை, உள்ளங்காலின் அந்தக் கடுகளவு இடத்தில் எப்படிச் சரியாக இறங்கின? அவற்றை அழைத்தவற்றுள் முக்கியமானது இன்டர்லூக்கின்-8 என்ற சின்னஞ்சிறு புரதம். செல்களை நகரவைக்கும் கீமோகைன்கள் நம் உடம்பில் ஐம்பது வரை உண்டு. அந்தக் குடும்பத்தில் முதலில் நன்கு அறியப்பட்டவற்றில் ஒன்று இது.

இது பிறப்பது காயம்பட்ட இடத்திலேயே. முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாவைத் தோலுக்கடியில் வாழும் மேக்ரோபேஜ் செல் உணர்ந்ததும், 4ஆம் குரோமோசோமில் அதுவரை சும்மா கிடந்த ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. முதலில் உருவாவது 99 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. செல்லைவிட்டு வெளியேறும் வழியில் அதன் முன்பகுதி வெட்டுப்படுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் 77 அல்லது 72. ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின், 77ஐயும் 72ஆக நறுக்கிவிடுகிறது. குட்டையானதற்குத்தான் வீரியம் அதிகம். ரத்தக் கசிவை அடைக்க வந்த நொதியே அழைப்பையும் உரக்கச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அடுத்து அது ரத்தக் குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் நேராக ரத்தத்தில் கலந்தால் ஆற்றில் கரைத்த புளிதான். அழைப்பு எங்கிருந்து வந்தது என்ற தடயமே இருக்காது. அதனால் குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதை வெளிப்புறத்தில் பற்றி, தங்களுக்குள்ளேயே கடத்தி, ரத்தம் ஓடும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. 1997இல் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரை இழைகளில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அழற்சி கண்ட இடத்தில் நியூட்ரோஃபில் ரத்தத்தோடு அடித்துச் செல்லப்படுவதில்லை. சுவரை லேசாகப் பிடித்தும் விட்டும் மெல்ல உருண்டு வருகிறது. உருளும்போது அதன் மேலுள்ள ஏற்பிகளில் இன்டர்லூக்கின்-8 தட்டுப்பட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் இன்டெக்ரின் புரதங்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. உருண்டு வந்தது சட்டென்று நிற்கிறது. தட்டையாகிறது. இரண்டு செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கில் ஒரு முனையை நுழைத்து, உடம்பை நெளித்து, மறுபக்கம் இறங்கிவிடுகிறது.

இந்த மூலக்கூறு மனிதர் கண்ணில் பட்டது 1987இல். அமெரிக்காவின் ஃப்ரெடெரிக்கில் யோஷிமுரா, மட்சுஷிமா உள்ளிட்டோர் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நியூட்ரோஃபில்களை ஈர்ப்பது அதுதான் என்ற எண்ணம் இருந்தது. சுத்திகரித்துப் பார்த்தபோது ஈர்க்கும் சக்தி வேறொரு புரதத்தோடு பிரிந்து போயிற்று. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பஜ்ஜோலினியின் குழுவும், ஜெர்மனியின் கீலில் ஷ்ரோடரின் குழுவும் தனித்தனியே அதை வந்தடைந்தன. கீல் குழு தோல் மருத்துவத் துறையைச் சேர்ந்தது. சொரியாசிஸ் நோயாளிகளின் உடம்பிலிருந்து உதிரும் செதில்களிலும் இத்தகைய புரதத்தைத் தேடியது. சொரியாசிஸ் தோலின் மேலடுக்கில் நியூட்ரோஃபில்கள் கொத்துக்கொத்தாகத் திரண்டிருக்கும். அங்கே முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை, ஆனால் அழைப்பு மட்டும் நிற்கவே இல்லை.

நோய் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்பேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் கண்ட நுரையீரலைப் பாருங்கள். அங்கு வந்து குவியும் நியூட்ரோஃபில்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அந்த நொதி பட்ட மூச்சுக்குழாய்ச் செல்கள் மேலும் இன்டர்லூக்கின்-8ஐச் சுரக்கின்றன. அது இன்னும் நியூட்ரோஃபில்களைக் கூட்டிவருகிறது. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடி, கிருமியைக் கொல்ல வந்தவை குழாய்ச் சுவரையே அரித்துவிடுகின்றன.

அப்படியானால் அழைப்பைத் தடுத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். முயலில் அது பலித்தது. ரத்த ஓட்டம் தடைபட்டுத் திரும்பும்போது நுரையீரலுக்கு நேரும் சேதத்தை இன்டர்லூக்கின்-8க்கு எதிரான ஆன்டிபாடி தடுத்தது என்று 1993இல் 'நேச்சர்' இதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் எலிகளுக்கோ இந்த மரபணுவே கிடையாது. மனிதரிடம் வந்தபோது பலன் சுருங்கியது. புகையால் கெட்ட நுரையீரல் கொண்டவர்களுக்கு இத்தகைய ஆன்டிபாடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. மூச்சுத்திணறல் சற்றுக் குறைந்ததாக நோயாளிகள் உணர்ந்தார்கள், நுரையீரலின் திறன் மாறவில்லை. நியூட்ரோஃபில்களை அழைக்கும் லூக்கோட்ரையீன் பி4 என்ற வேறொரு பொருளை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் தடுத்தபோது நோய் முற்றியது, ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கிருமி இருக்கும் வீட்டில் அழைப்பை முழுக்க அடைப்பது ஆபத்து. எங்கே, எவ்வளவு நேரம் என்பதைத்தான் மருந்து சரிசெய்ய வேண்டும், அதை இன்னும் நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

உடம்பிடம் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரத்தத்துக்குள் கசிந்துவிடும் இன்டர்லூக்கின்-8ஐச் சிவப்பணுக்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பது 1991இல் தெரியவந்தது. பிடிக்கும் புரதம் எது என்று 1993இல் கண்டபோது, அது ரத்த வங்கிகளில் நெடுநாள் பழகிய டஃபி என்ற ரத்தவகைப் புரதமாக இருந்தது. 1950இல் ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் பெயரால் வழங்கப்பட்ட வகை அது. குழாய்ச் சுவரில் இன்டர்லூக்கின்-8ஐக் கடத்துவதும் இதே டஃபிதான். விவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பெரும்பாலும் பயன்படுத்தும் கதவும் இதுவே.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருடைய சிவப்பணுக்களிலும் டஃபி கிடையாது. மரபணுவின் முகப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் சிவப்பணுவில் மட்டும் அது உருவாவதில்லை, குழாய்ச் சுவரில் இருக்கிறது. இவர்களில் பலருக்கு ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு, ஆனால் அதனால் தொற்று அதிகம் வருவதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு இது தெரியாது. மைக்ரோலிட்டருக்கு 1500க்குக் கீழே போனால் குறைபாடு என்று அச்சடித்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து இவர்களுக்கு கீமோதெரபி மருந்தைக் குறைத்திருக்கிறார்கள், புற்றுநோய் ஆய்வுகளில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள், மனச்சிதைவுக்கான க்ளோசபினை நிறுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2015இல் க்ளோசபினுக்கு மட்டும், இப்படி இயல்பாகவே எண்ணிக்கை குறைந்தவர்களுக்கென்று 1000 என்ற தனி வரம்பு வந்தது. ரத்த வங்கியில் செய்யக்கூடிய ஒரு டஃபி பரிசோதனை, மற்ற மருந்துகளிலும் இந்தத் தவறைத் தவிர்க்கும்.