பழைய ‘கேசட்’ வீடியோ கேம்கள்: சேகரிப்போர் அறிய வேண்டியவை

மும்பை: 1990-களில் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்பட்ட வீடியோ கேம் கருவிகள் இன்று சேகரிப்புப் பொருள்களாகிவிட்டன.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15-ஆம் தேதி ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ கருவியை வெளியிட்டது. இந்தியாவில் பெரும்பாலும் விற்பனையானவை அதன் நகல்களே. இவற்றுக்கான 60 முனை கேட்ரிட்ஜ்களே இங்கு ‘கேசட்’ என அழைக்கப்பட்டன. பல நூறு விளையாட்டுகள் இருப்பதாக மேலட்டையில் அச்சிடப்பட்டிருந்தாலும், சில விளையாட்டுகளே பெயர் மாறித் திரும்பத் திரும்ப இடம்பெற்றன.

மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற மும்பை லேமிங்டன் சாலை, உதிரி பாகங்களைத் தேடுவோருக்கு உதவும். அதேவேளையில், நகரின் பழைய பொருள்கள் தாராவி போன்ற மறுசுழற்சி மையங்களைச் சென்றடைகின்றன. அங்கு உடைக்கப்படும் கருவியை மீட்க இயலாது.

கேட்ரிட்ஜ் முனைகளை வாயால் ஊதினால் ஈரப்பதம் பட்டு அவை அரிக்கப்படும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைப்பதே முறை. சில கேட்ரிட்ஜ்களில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்தால், சேமித்த ஆட்டம் அழிந்துவிடும். ‘டக் ஹண்ட்’ விளையாட்டின் துப்பாக்கி, பழைய படக்குழாய் தொலைக்காட்சிகளில் மட்டுமே இயங்கும் என்பதால், அவற்றையும் பாதுகாப்பது அவசியமாகிறது.

அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் தற்போது விற்பனையில் இல்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் தெரிவித்தது குறிப்பிடத்தக்கது.