தாவ்தியே: தீராப் பசியின் முகம்

பண்டைச் சீனத் தொன்மங்களில் பேராசையின் உருவமாக நிற்கும் கொடிய விலங்கு தாவ்தியே. ஆனால் முதலில் இது விலங்காகவே சொல்லப்படவில்லை. 'ட்சோ ஜுவான்' என்னும் பழைய வரலாற்று நூலில் நான்கு கொடியவர்களுள் ஒருவனுக்கு இந்தப் பெயர். சோற்றிலும் சொத்திலும் ஆசை அடங்காத அவனை, மற்ற மூவரோடு சேர்த்து நாட்டின் எல்லைக்கு விரட்டினார் தொன்ம மன்னர் ஷுன்.

கி.மு. 239ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்சியூ' தரும் சித்திரம் இன்னும் கொடியது. சோ மரபின் வெண்கலக் கலங்களில் இருந்த தாவ்தியேவுக்குத் தலை உண்டு, உடல் இல்லை. மனிதனைத் தின்னப் போய், விழுங்கி முடிக்கும் முன்பே தன் உடலை இழந்ததாம். அக்குளில் கண்களும் குழந்தைக் குரலும் கொண்டு ஆளைத் தின்னும் ஒரு விலங்கு 'ஷான்ஹாய் ஜிங்' நூலில் வருகிறது. அதுவே தாவ்தியே என்றார் உரையாசிரியர் குவோ பூ (276–324).

ஷாங் காலக் (ஏறத்தாழ கி.மு. 1600–1046) வெண்கலக் கலங்களில் உள்ள விலங்கு முகத்துக்கு இந்தப் பெயர் நிலைத்தது மிகப் பிந்தித்தான். சோங் காலத்தில் பழங்கலங்களைத் திரட்டி ஆராய்ந்த லூ தாலின் போன்றோர், 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை வழங்கினர். ஆகவே பேராசைக்கு எதிரான எச்சரிக்கை என்ற விளக்கத்தை ஷாங் மக்களின் தலையில் ஏற்றுவது சரியல்ல.

அந்த முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும். பிதுங்கிய கண்கள், மேலே கொம்புகள். பல கலங்களில் கீழ்த்தாடை கிடையாது. நடுவே செங்குத்தாக ஒரு விளிம்பு ஓடுகிறது. ஒரு பாதியை மறைத்தால், பக்கவாட்டில் நிற்கும் முழு விலங்கு தெரியும். இரண்டும் சேர்ந்தால் நம்மை நேராக முறைக்கும் ஒரே முகம். களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாகச் செய்து, பொருத்தி, வெண்கலத்தை வார்த்த தொழில்முறைக்கு இந்தச் சமச்சீர் நன்றாகவே இசைந்தது.

1939இல் சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் கால ஹவ்முவூ கொப்பரையிலும் இம்முகம் உண்டு. எடை 832.84 கிலோ. அதன் கைப்பிடியில் இரு புலிகளின் திறந்த வாய்களுக்கு நடுவே ஒரு மனிதத் தலை!

இந்தக் கலங்கள் முன்னோருக்குப் படையலிடப் பயன்பட்டவை. அதனால், வானுக்கும் மண்ணுக்கும் இடையே பூசாரிக்குத் துணை சென்ற விலங்குகளே இம்முகங்கள் என்றார் தொல்லியலாளர் கே.சி. சாங். வெறும் அலங்காரமே என்றார் கலை வரலாற்றாளர் மாக்ஸ் லோர். ஷாங் எலும்பு எழுத்துகள் படையல்களைப் பற்றி நிறையவே பேசுகின்றன; இம்முகத்துக்கு விளக்கம் தரவில்லை. ஆயினும் சடங்குக் கலங்களில் தலைமுறை தலைமுறையாக இதே கண்கள் திரும்பத் திரும்ப வருவதை வெறும் அழகுக்கென்று ஒதுக்கிவிட முடியாது. இன்று தொல்லியலாளர் பலர் 'விலங்குமுக வடிவம்' என்று மட்டும் சொல்வது நேர்மையான வழி.

மக்கள் வழக்கில் பழைய பொருளே வென்றது. மிங் காலத்தில் டிராகனின் ஒன்பது பிள்ளைகளுள் தீனிப் பிரியனானது தாவ்தியே. இயக்குநர் ஜாங் யிமோவின் 'தி கிரேட் வால்' (2016) படத்தில் அது பெருங்கூட்டமாகச் சீனப் பெருஞ்சுவரைத் தாக்குகிறது. காரணம், ஒரு பேரரசனின் பேராசை.