சர்வர் கொத்துகள்: இயக்கமும் நிறுத்தமும்

பல கணினிகள் சேர்ந்து ஒரே சேவையைத் தரும் அமைப்பு சர்வர் கொத்து எனப்படும். அதிலுள்ள சர்வர்களையும் அவற்றின்மேல் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் சர்வர்களையும் தரவு கெடாமல் நிறுத்துவதற்கும் மறுபடி எழுப்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. தனிக் கணினியை இயக்குவது காலப்போக்கில் எளிதாகிக்கொண்டே வந்தது. கூட்டமாக இயக்குவதோ கடினமாகிக்கொண்டே வந்தது.

தொடக்கக் காலக் கணினிகளை அணைப்பதே ஆபத்தாக இருந்தது. 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை சூடேறும்போதும் குளிரும்போதும்தான் பெரும்பாலும் பழுதடைந்தன என்பதால், கணக்கு இல்லாத நேரத்திலும் அதை எரியவிட்டே வைத்தனர். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360-இல் சுழற்குமிழ்களில் கருவி எண்ணைக் குறித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் இயங்குதளம் ஏறிவிடும். அறையில் ஓர் இயந்திரம், அருகில் ஓர் ஆள் என்றிருந்த காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் 1983-இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்தது. பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொண்டதால், கொத்து இரண்டாகப் பிரிந்து இரு பாதிகளும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் தரவு நாசமாகும். இதைத் தடுக்க ஒவ்வொரு கணினிக்கும் வாக்கு வழங்கப்பட்டது. பெரும்பான்மை வாக்கு சேராவிட்டால் கொத்து வேலை செய்யாமல் நின்றுவிடும். ஐந்தில் மூன்று எழுந்தாலொழிய எதுவும் நடக்காது என்ற இவ்விதி, கொத்துகளை நிர்வகிக்கும் இன்றைய குபர்நெட்டீஸ் மென்பொருளின் அடியிலுள்ள எட்சிடி தரவுத்தளம்வரை தொடர்கிறது. ஐயத்துக்குரிய கணினியின் மின்சாரத்தையே துண்டித்துவிடும் முறையும் இதே அச்சத்தில் பிறந்தது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் நம்பகமானது.

1994-இல் நாசாவின் கொடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை இணைத்து பேவுல்ஃப் கொத்தை அமைத்தனர். மலிவான கணினிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டதும், பொத்தானை அழுத்த ஆள் நடந்து செல்வது நடைமுறைக்கு ஒவ்வாததாயிற்று. 1995-இல் ஏஎம்டியும் ஹியூலெட் பேக்கார்டும் மேஜிக் பாக்கெட்டை உருவாக்கின. உறங்கும் கணினியின் நெட்வொர்க் அட்டை, தன் முகவரி 16 முறை வரும் செய்தியைக் கண்டால் கணினியை எழுப்பும். எழுந்ததா என்று அது திருப்பிச் சொல்லாதது பெருங்குறை. 1998-இல் இன்டெல், டெல், ஹியூலெட் பேக்கார்ட், என்இசி ஆகியவை வெளியிட்ட ஐபிஎம்ஐ தரம் அக்குறையைத் தீர்த்தது: சர்வர் அணைந்திருந்தாலும் அதற்குள் விழித்திருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கணினி, நிலையைச் சொல்லும், கட்டளையையும் ஏற்கும்.

மெய்நிகர் சர்வர்கள் பரவியதும் வரிசை இன்னும் நீண்டது. நிறுத்தும்போது முதலில் பயன்பாடுகள், பிறகு தரவுத்தளங்கள், பிறகு மெய்நிகர் சர்வர்கள், அவற்றைத் தாங்கும் சர்வர்கள், அதன்பின் சேமிப்பகம், கடைசியில் நெட்வொர்க். எழுப்பும்போது இதைத் தலைகீழாக்க வேண்டும். மின்தடையின்போது இவை அனைத்தும் யூபிஎஸ் பேட்டரி தீர்வதற்குள் முடிந்தாக வேண்டும். என்யூடி என்னும் திறமூல மென்பொருளில் யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் கணினி, மற்றவை விலகும்வரை காத்திருந்து தான் இறுதியாக அணைகிறது.

எழுப்புகையில் வரும் பொறி ஒன்றுண்டு. சேமிப்பகத்தை அடைய, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேண்டும்; அந்த டிஎன்எஸ் சர்வரோ அதே சேமிப்பகத்திலுள்ள மெய்நிகர் சர்வர். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். ஒரு டிஎன்எஸ் சர்வரையாவது தனி இயந்திரத்தில் வைப்பது இதனால்தான். எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் மின்னோட்டம் பாய்ந்து சுற்றுகள் துண்டிக்கப்படும் என்பதால், இடைவெளிவிட்டு எழுப்பும் மின்பகிர்வுப் பட்டைகளும் வந்தன.

அணைப்பதையே ஒரு சிக்கன வழியாக்கியது மெய்நிகர் சர்வர் மென்பொருள் நிறுவனமான விஎம்வேர். இயங்கும் மெய்நிகர் சர்வரை நிறுத்தாமலே இடம்மாற்றும் விமோஷன் 2003-இல் வந்தது. அதன் துணையால், சுமை குறைந்த இரவுகளில் மெய்நிகர் சர்வர்களைச் சில இயந்திரங்களில் ஒதுக்கி, மற்றவற்றை அணைத்து, காலையில் எழுப்பும் வசதி பின்னர் சேர்ந்தது. 2006-இல் சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசானின் ஈசி2 சேவை வந்தபின் சர்வரை இயக்குவது ஒரு நிரல்வரி ஆகிவிட்டது.

ஆனால் அடியிலுள்ள இரும்பு மாறவில்லை. 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரவு மையத்தில் துண்டிக்கப்பட்ட மின்சாரம் கட்டுப்பாடின்றித் திரும்பக் கொடுக்கப்பட்டதால்தான் கருவிகள் சேதமடைந்தன என்று தாய் நிறுவனத் தலைவர் வில்லி வால்ஷ் விளக்கினார். ஏறத்தாழ 75,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அதன் தரவு மையங்களில் மின்நுகர்வு பல பத்து மெகாவாட் சரிந்திருந்தது. ஒரேயடியாக இயக்கினால் மின்னமைப்பே ஆட்டங்காணும் என்பதால் சேவைகளைப் படிப்படியாகவே திறந்தனர். தரவு மையத்தையோ ஒரு வட்டாரத்தையோ முழுதாக நிறுத்தி எழுப்பும் ஒத்திகைகளை அந்நிறுவனம் முன்பே நடத்தியிருந்தது. உலகளாவிய முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதும் வீழ்வதை மட்டும் ஒத்திகை பார்த்ததில்லை என்று அதன் பொறியாளர்களே பின்னர் எழுதினர்.