விராலும் குறவையும்: ஒரு மீன்குடும்பம் பெயர்பெற்ற வரலாறு

விரால் குடும்பத்து மீன்கள் ஐரோப்பிய விலங்கியல் நூல்களில் இடம்பெற்ற வரலாற்றில் தரங்கம்பாடிக்கு ஒரு பங்குண்டு. டேனியர் ஆட்சியிலிருந்த அவ்வூரில் 1771 முதல் சமயப்பணி ஆற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், அப்பகுதி மீன்களைப் பதப்படுத்தி, பெர்லின் மருத்துவரும் மீனியலாளருமான மார்க்குஸ் எலீசர் பிளோக்குக்கு அனுப்பிவந்தார். பிளோக் 1793இல் இவ்வகை மீன்களுக்கெனப் பாம்புத்தலை என்று பொருள்படும் 'ஒபிசெபாலஸ்' என்னும் பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியை, நிறுவினார். தலைமேல் பாம்புக்கு இருப்பதுபோன்ற பெரிய செதில்கள் அமைந்திருப்பதே அப்பெயருக்குக் காரணம். விரால் அவர் நூலில் கோடுடையது என்ற பொருளில் 'ஸ்ட்ரியேட்டஸ்' ஆயிற்று. குறவை புள்ளியுடையது என்ற பொருளில் 'பங்க்டேட்டஸ்' ஆயிற்று.

சில ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் லசெபேட் இவ்விரு மீன்களுக்கும் 'வ்ரால்', 'கருவெய்' எனத் தமிழ்ப் பெயர்களையே இனப்பெயர்களாகச் சூட்டினார். பின்னதில் குறவையின் ஒலியை அடையாளங்காணச் சற்றுச் செவிப்பயிற்சி வேண்டும். எனினும் முதலில் வெளியான பெயரே செல்லும் என்ற முந்துரிமை விதி நிலைபெற்றதும், அவை வழக்கிழந்த இணைப்பெயர்களாக ஒதுங்கின.

அதே விதி பிளோக்கின் பேரினப் பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கோபோலி 1777இலேயே 'சன்னா' என்ற பேரினத்தை வெளியிட்டிருந்தார்; ஆனால் அதற்கு உரியதாகக் கருதப்பட்ட இலங்கை மீனுக்கு வயிற்றுத் துடுப்பு இல்லாததால், துடுப்பற்றவை சன்னா, துடுப்புள்ளவை ஒபிசெபாலஸ் என்ற பிரிவினை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. துடுப்பற்ற சீன இனமொன்றை லின்னேயஸ் 1758இல் தென்னமெரிக்க மீன்களுக்குரிய 'ஜிம்னோட்டஸ்' பேரினத்தில் சேர்த்திருந்தார் என்பதை நோக்கினால், ஓர் உறுப்பின் இன்மைக்கு அக்கால அறிஞர் அளித்த எடை விளங்கும். உயிருள்ள விரால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்குவதை ஏரிக்கரையில் நிற்கும் எவரும் காணலாம். சாடியில் கிடந்த உடலிலோ எண்ணக்கூடிய துடுப்பே கண்ணில் பட்டது. 1931இல் மையர்ஸ், ஷபோவலோவ் இருவரும் இத்துடுப்பு வேறுபாடு பேரினங்களைப் பிரிக்கப் போதாது என்று காட்டி இரண்டையும் இணைத்தபோது, முந்தைய பெயரான சன்னாவே நிலைத்தது. அப்பெயர் இலத்தீனில் பெண்பால் ஆதலின் ஸ்ட்ரியேட்டஸ் 'ஸ்ட்ரியேட்டா' எனவும், பங்க்டேட்டஸ் 'பங்க்டேட்டா' எனவும் ஈறு திரிந்தன.

ஆப்பிரிக்க இனங்கள் மூன்றையும் டோயகல்ஸ், டாஜே ஆகியோர் 1984இல் 'பாராசன்னா' எனத் தனியே வகுத்தனர். செவுளுக்கு மேலுள்ள அறையில் காற்றிலிருந்து உயிர்வளியை ஏற்கும் துணைச்சுவாச உறுப்பு ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்குப் பொதுவானது. வற்றும் குளத்துச் சேற்றிலும் விரால் பிழைத்திருப்பதும், மீன்சந்தையில் அதை உயிரோடு விற்க முடிவதும் இதனால்தான். கேரளத்தின் நிலத்தடி நீரில் வாழ்ந்து, 2018 வெள்ளத்தை அடுத்து மலப்புறம் மாவட்டத்து வயலொன்றில் வெளிப்பட்ட மீன் 2019இல் 'எனிக்மாசன்னா கொல்லம்' எனப் பெயர்பெற்றது. பெயரிலுள்ள கொல்லம் கேரள நகரமன்று, டோல்கீன் கதையில் வரும் பாதாளவாசி. விராலின் தலையமைப்பை ஒத்திருந்தும் இந்த மீனுக்கு அந்தத் துணைச்சுவாச உறுப்பு இல்லை. ஆகவே 2020இல் அதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது.