தையல் மெசினின் சரித்திரமும் அம்மம்மாவின் தவணைக் காசும்

போன தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை கோயில் மண்டபத்தில் ஒரு அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன பிள்ளை, ஒரு சாறி பிளவுசுக்கு இருவது பவுண்ஸோ? ஊரில அந்தக் காசுக்கு நாலைஞ்சு பிளவுஸ் தைப்பிக்கலாமே! மெசின்தானே தைக்குது, உங்களுக்கென்ன கையே நோகப் போகுது?”

நான் சிரித்துச் சமாளித்தேன். “சரி அன்ரி, பதினைஞ்சு தாங்கோ” என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் அன்றிரவு பக்டரியில் பாண் துண்டுகளுக்கு நடுவே கோழியிறைச்சியை வைத்து அடுக்கிக்கொண்டு நின்றபோது அந்த ஒரு வசனம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மெசின்தானே தைக்குது!

நான் எழுத்தாளர் அல்ல. 2006 இல் உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. 2011 இல் பிரித்தானியாவுக்கு வந்தேன். இப்போது கிழமையில் ஐந்து இரவு சான்விச் பக்டரி, சனி ஞாயிறு வீட்டு மூலையில் தையல். சங்கத்தார் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது இந்த மெசினின் கதையையே எழுதலாம் என்று பட்டது. நூலகத்தில் புத்தகம் எடுத்து இடைவேளைகளில் வாசித்ததையும், வீட்டில் கேட்டதையும் கண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

நுனியில் காது வைத்த ஊசி

1843 மார்கழியில் லண்டனின் ‘பஞ்ச்’ பத்திரிகையில் தோமஸ் ஹூட் என்ற கவிஞரின் ‘சேர்ட்டின் பாட்டு’ வெளிவந்தது. விடிய விடியச் சேர்ட் தைத்தும் வயிறு நிறையாத ஒரு ஏழைப் பெண்ணின் புலம்பல் அது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் காலத்தில் தையல் என்றால் பெண்ணின் கண்ணும் விரலும்தான்.

அதற்கு முன்பே, 1830 இல், பிரான்சில் பார்த்தலமி திமோனியே என்ற தையற்காரர் மரத்தாலான தையல் மெசின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பாரிஸில் 80 மெசின்கள் வரை வைத்து இராணுவச் சீருடை தைத்தார்கள். “எங்கட சோத்தில மண் விழுந்திட்டுது” என்று பயந்த தையற்காரர்கள் 1831 இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். திமோனியே 1857 இல் வறுமையிலேயே இறந்தார்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846 இல் தன் மெசினுக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் சுகமில்லாமல் இருந்த காலத்தில் மனைவி இரவிரவாகத் தைத்துக் குடும்பத்தைப் பார்த்தார் என்றும், அதைக் கண்டுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்றும் சொல்வார்கள். கை ஊசிக்குக் காது பின்பக்கம். மெசின் ஊசிக்குக் காது நுனியில். ஊசி துணியைக் குத்தி இறங்கி மேலே ஏறும்போது நூலில் ஒரு சின்ன வளையம் விழும். அந்த வளையத்துக்குள்ளால் அடிநூல் போகும். இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் என் வீட்டு மெசின் தைப்பது இப்படித்தான்.

ஆனால் பெயர் எடுத்தவர் ஐசாக் சிங்கர். நாடகக்காரராக இருந்தவர். 1851 இல் அவர் காப்புரிமை எடுத்த மெசினில் காலால் மிதிக்கலாம், இரண்டு கையும் துணியைப் பிடிக்கலாம். காப்புரிமை வழக்கில் ஹோவ் வென்றார், சிங்கர் அவருக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது. ஆனாலும் வியாபாரத்தில் வென்றது சிங்கர் கம்பனி. காரணம், அவருடைய பங்காளி எட்வேட் கிளார்க் 1856 இல் கொண்டுவந்த தவணைமுறை. கொஞ்சம் முற்பணம் கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். சாதாரண குடும்பத்துக்குள் மெசின் நுழைந்தது இந்த வழியால்தான்.

இன்னொரு சுவையான செய்தி. இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்த மகாத்மா காந்தி 1924 இல் தையல் மெசினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது அது என்றார். அந்தக் கதை சிங்கரைவிட ஹோவுக்குத்தான் பொருந்தும். சிங்கர் பல குடும்பம் வைத்து, இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்ற மனிதர்!

நேரம் மிஞ்சியது, காசு மிஞ்சியதா?

1860 களில் ஒரு மெசின் கம்பனி ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்களின் சேர்ட் ஒன்றைக் கையால் தைக்க 14 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். மெசினில் ஒன்றேகால் மணித்தியாலம். அப்படியென்றால் தைக்கிற பெண்ணின் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. ஒரு சேர்ட்டுக்குக் கொடுத்த கூலியை வெட்டினார்கள். மெசின்தானே தைக்குது!

லண்டனின் கிழக்குப் பகுதியில் இருட்டு அறைகளில் ஆணும் பெண்ணும் துண்டுக் கணக்குக் கூலிக்குத் தைத்துத் தேய்ந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ரஷ்யப் பேரரசில் இருந்து ஓடிவந்த யூதர்கள். எங்களைப் போல ஊர் விட்டு வந்த சனங்கள்! 1888 முதல் 1890 வரை பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இந்த நிலைமையை விசாரித்தது. கடைசியில் 1909 இல் வந்த ஒரு சட்டம் நான்கு தொழில்களுக்கு ஆகக்குறைந்த கூலியை நிர்ணயிக்க வழி செய்தது. அந்த நான்கில் ஒன்று ஆயத்த ஆடைத் தையல். பக்டரியில் நான் இன்று வாங்குகிற மணித்தியாலக் கூலிக்குப் பின்னால் அந்தத் தையற்காரரின் கண்ணீரும் இருக்கிறது என்பது எனக்கு இதை வாசிக்கும் வரைக்கும் தெரியாது.

மெசின் செய்தவர்களின் கதையும் அப்படித்தான். ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் 1880 களில் சிங்கர் கட்டிய தொழிற்சாலை உச்ச காலத்தில் ஆண்டுக்கு 10 இலட்சத்துக்கு மேல் மெசின் செய்தது. 1911 பங்குனியில் அங்கே மெசின் பெட்டிகளுக்கு மெருகு போடும் பகுதியில் ஆட்களைக் குறைத்து, அவர்களின் வேலையை மிச்சமிருந்த 12 பெண்களின் தலையில் போட்டார்கள். அந்த 12 பேரும் வேலையை நிறுத்தினார்கள். இரண்டொரு நாளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள்! சித்திரை மாதம் போராட்டம் தோற்றது. அதற்குப் பிறகு சுமார் 400 பேர் வேலையிழந்தார்கள். 1980 இல் அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

எங்கள் வீட்டு மெசின்

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தையல் புதிதல்ல. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்து வாசிப்போடு தையலும் படிப்பித்தார்கள். சிங்கர் கம்பனி 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு மெசின் வந்தது 1956 இல். அம்மம்மா தோட்டை அடைவு வைத்து முற்பணம் கட்டினாவாம். மிச்சம் மாதத் தவணை. “தவணை முடிஞ்ச அண்டைக்குத்தான் எனக்கு நித்திரை வந்தது” என்று சொல்லுவா. அந்தக் கால் மெசினால் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். மெசின் அவவுடையது, விலையும் அவ சொன்னதுதான். பெரியப்பா ஒருமுறை விலை குறைக்கச் சொன்னபோது, “துணி உன்ர, நேரம் என்ர” என்று சொன்னாவாம்.

1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி, மருந்து என்று எத்தனையோ சாமான்களுக்குத் தடை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா தைப்பா. கால் மெசினுக்குக் கரண்ட் தேவையில்லையே! மெசின் எண்ணெய் கிடைக்காமல் தேங்காயெண்ணெய் விட்டு, அது இறுகி, கழற்றித் துடைத்த நாட்களும் உண்டு. சேர்ட் கொலர் தேய்ந்தால் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைப்பா. அப்பாவின் நீளக் காற்சட்டை அண்ணாவின் அரைக் காற்சட்டையாகும், அது கிழிந்தால் பள்ளிக்கூடப் பையாகும்.

இதை ஏதோ எங்களுடைய ஏழ்மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே வந்து வாசித்தால், இதே பிரித்தானியாவில் 1941 ஆனி முதல் 1949 பங்குனி வரை உடுப்புக்குக் கூப்பன்! முதல் வருசம் ஒருவருக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிச் சட்டைக்கே 11 போய்விடும். 1943 இல் அரசாங்கமே ‘இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை’ என்ற கருத்தில் கையேடு அச்சிட்டு, ஒட்டுப் போடவும், பழையதைப் பிரித்துப் புதிதாகத் தைக்கவும் சொல்லிக் கொடுத்தது. இந்நாட்டுக் கிழவிமாரின் தாய்மாரும் கொலர் திருப்பித் தைத்தவர்கள்தான். இப்போது இளம் பிள்ளைகள் சூழலைக் காப்பாற்றவென்று பழைய துணியில் புது உடுப்புத் தைக்கிறார்கள். நல்ல விசயம். எங்கள் அம்மாமார் அதற்குப் பெயர் வைக்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

1995 ஐப்பசி 30. வலிகாமமே எழும்பி நடந்த இரவு. எனக்கு எட்டு வயது. அப்பா மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். கால் ஸ்ராண்டை விட்டுவிட்டு வந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் அம்மா மெசினை வாங்கில் வைத்து, துணியைப் பிடிப்பா. நான் சில்லைக் கையால் சுற்றுவேன். அப்படித் தைத்துக் கொடுத்து அரிசியும் தேங்காயும் வாங்கினோம். அந்தச் சில்லைச் சுற்றியதுதான் என் முதல் உத்தியோகம்!

2009 இல் வன்னிக்குள் இருந்த சின்னம்மா தைத்தது வேறு. சாறிகளை வெட்டிப் பையாகத் தைத்து, மண் நிரப்பிப் பங்கருக்கு மேல் அடுக்கினார்கள். கடைசியில் அவவுடைய கூறையையும் வெட்டினாவாம். “பட்டு நல்லாத் தாங்கும் பிள்ளை” என்று மட்டும் ஒருமுறை சொன்னா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கணக்குப் பார்த்தேன்

போன வருசம் கிளாஸ்கோவில் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் போனபோது கிளைட்பேங்குக்கும் போனேன். தொழிற்சாலை இல்லை. பிரமாண்டமான மணிக்கூட்டுக் கோபுரம் 1963 இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் ரெயில்வே ஸ்ரேசனுக்கு இன்றும் ‘சிங்கர்’ என்றுதான் பெயர். அங்கே நின்றபடியே அம்மாவுக்குப் போன் எடுத்து மெசினில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். அம்மா கண்ணாடி தேடி, துடைத்து, மெதுவாக வாசித்தா. முதல் எழுத்து ‘ஈ’. அது கிளைட்பேங்கில் செய்ததற்கான அடையாளம். எங்களுக்கு முன்னமே எங்கள் மெசின் இந்த நாட்டில் இருந்திருக்கிறது!

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றுக்கு அளவெடுத்து, வெட்டி, தைத்து, கொக்கி வைத்து முடிக்க எனக்கு மூன்றரை மணித்தியாலம். லைனிங், நூல், கொக்கிக்கு 3 பவுண்ஸ். 20 பவுண்ஸ் வாங்கினால் மணித்தியாலத்துக்கு 5 பவுண்ஸ்கூட இல்லை. அன்ரியிடம் வாங்கிய 15 க்கு மூன்றரைப் பவுண்ஸ்கூட வரவில்லை. இந்த நாட்டின் ஆகக்குறைந்த கூலி 2025 சித்திரையில் மணித்தியாலத்துக்கு 12 பவுண்ஸ் 21 பென்ஸ் ஆக்கப்பட்டது. பக்டரியில் அதில் ஒரு பென்ஸ் குறைந்தாலும் சண்டை பிடிக்கிற நான், வீட்டில் என் கூலியை நானே வெட்டியிருக்கிறேன். முதலாளியும் நான், ஏமாந்த தொழிலாளியும் நான்!

கடையில் 5 பவுண்சுக்குச் சட்டை விற்கிறதே என்று கேட்பீர்கள். அந்த விலையின் மிச்சத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள். 2013 சித்திரை 24 இல் வங்காளதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எங்களைப் போன்ற மெசின் பெண்கள். எங்கள் நாட்டிலும் 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயம் முதல் போருக்குப் பின் கிளிநொச்சியில் வந்த ஆடைத் தொழிற்சாலைகள் வரை எங்கள் பிள்ளைகள் மெசினுக்கு முன்னால் இருக்கிறார்கள். அந்த மெசின் அவர்களுடையது அல்ல, விலை சொல்லுகிற வாயும் அவர்களுடையது அல்ல.

ஆகையால் இந்தப் புத்தாண்டில் இருந்து என் பிளவுஸ் விலை 35 பவுண்ஸ். அப்போதும் ஆகக்குறைந்த கூலிக்குச் சரியாக வராது, ஆனால் வெட்கமில்லாமல் சொல்லக்கூடிய விலை. சில பேர் வராமல் விடலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். வீட்டில் தைக்கிற மற்றச் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்லுவேன்: துணிக்கணக்கோடு மணிக்கூட்டுக் கணக்கையும் கொப்பியில் எழுதுங்கோ. ஒருத்தி குறைத்தால் எல்லாருக்கும் குறையும்.

காசு கஷ்டமான குடும்பங்கள், வழக்கு முடியாமல் இருப்பவர்கள், குறை நினைக்க வேண்டாம். புத்தாண்டு கழிந்து வரும் முதலாவது சனிக்கிழமை முதல் பின்னேரம் 3 மணிக்குச் சங்க மண்டபத்தில் இரண்டு மெசினோடு இருப்பேன். கிழிந்த காற்சட்டை, சிப் போன ஜக்கெற், பெட்டியில் கிடக்கிற பழைய சாறி, எதுவென்றாலும் கொண்டு வாங்கோ. நான் தைத்துத் தரமாட்டேன், தைக்கப் பழக்கித் தருவேன். காசு வேண்டாம். ஆம்பிளையளும் வரலாம். திமோனியேயும் ஹோவும் சிங்கரும் ஆம்பிளையள்தானே!

அன்ரியையும் அன்போடு அழைக்கிறேன். ஒரு நாள் வந்து பக்கத்தில் இருந்து பாருங்கோ, மெசின் தானாகத் தைக்கிறதா என்று.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.