கூப்பியின் பாட்டும் பாகாவின் மேளமும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு காட்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் கற்ற வேற்றுமொழிப் பாட்டொன்றை வீட்டிற்கு வந்து பாடுகின்றனர். கேட்டுக் கொண்டிருக்கும் பாட்டிக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. ஆயினும் கைவேலையை நிறுத்திவிட்டு அவள் கேட்கிறாள். பொருள் விளங்காத பாட்டு ஒருவரை எங்ஙனம் நிறுத்தி வைக்கிறது? வங்காளத்துச் சிறுவர் கதையொன்று இவ்வினாவையே தன் உயிராகக் கொண்டுள்ளது. அதன் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி ஓவியர், அச்சுக்கலை வல்லுநர், வயலின் வாசிப்பதில் தேர்ந்தவர். 1913-ஆம் ஆண்டில் அவர் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைக் கல்கத்தாவில் தொடங்கினார். வங்க மொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும்; இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். அவ்விதழில் 1915-இல் அவர் எழுதிய கதையே ‘கூப்பி காயென், பாகா பாயென்’. காயென் என்றால் பாடுபவன். பாயென் என்றால் வாத்தியம் வாசிப்பவன். பாடத் தெரியாத பாடகனும் வாசிக்கத் தெரியாத மேளக்காரனும் ஊரைவிட்டுத் துரத்தப்படுகின்றனர். காட்டில் பேய்களின் அருளைப் பெறுகின்றனர். கதை வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் ஆசிரியர் காலமானார்.

அவருடைய பேரர் சத்யஜித் ராய் பிறந்தது 1921-இல். பாட்டனாரை அவர் கண்டதில்லை. தந்தையார் சுகுமார் ராயும் பேரருக்கு இரண்டு வயதாகும்போதே மறைந்தார். எனினும் குடும்பத்தின் கதைச் செல்வம் அழியவில்லை. நின்றுபோயிருந்த ‘சந்தேஷ்’ இதழை 1961-இல் சத்யஜித் ராய் மீண்டும் தொடங்கினார். சிறுவர்க்கென ஒரு படம் எடுக்க வேண்டுமென்று தம் மகன் கேட்டதற்கிணங்கப் பாட்டனாரின் கதையையே திரைக்குக் கொணர்ந்தார். பாடல்களை இயற்றியவரும் இசையமைத்தவரும் அவரே. 1969-இல் அப்படம் வெளிவந்தது. கூப்பியாகத் தபேன் சாட்டர்ஜியும், பாகாவாக ரவி கோஷும் நடித்தனர். கூப்பிக்காகப் பாடியவர் அனூப் கோஷால். முழுவதும் வண்ணத்தில் எடுக்கப் பொருள் வசதி இல்லாமையால் இறுதிப் பகுதி மட்டுமே வண்ணம் பெற்றது.

பேயரசன் இருவர்க்கும் மூன்று வரங்கள் அளிக்கிறான். விரும்பிய உணவும் உடையும் கிடைக்கும். விரும்பிய இடத்திற்குச் செல்லலாம். அவர்கள் இசையைக் கேட்போர் நின்ற இடத்திலேயே அசைவற்று நிற்பர். மூன்றாம் வரத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகைவரைக் கொல்லும் வாளை அவர்கள் பெறவில்லை. பிறரைக் கேட்க வைக்கும் ஆற்றலையே பெற்றனர். சுண்டி நாட்டு அரசவையில் கூப்பி பாடும் பாட்டின் கருத்தும் இதனோடு இயைந்தது. தாய்மொழியன்றி வேறு மொழி அறியோம் என்று அவ்வெளிய மனிதர் ஒப்புக்கொள்கின்றனர். சுரமும் தாளமும் எல்லோர்க்கும் விளங்கும் மொழி என்று உடனே கூறுகின்றனர். அயல்நாட்டு அவையில் நின்று கூசாமல் இவ்வாறு சொல்பவனை, அயலூரில் பிழைக்கும் நாம் அன்னியனாக எண்ண முடியுமா?

இப்படத்தின் பேய் நடனத்தில் நமக்கு நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. அரசர், உழவர், ஆங்கிலேயர், பருத்த உடலினர் என நான்கு வகைப் பேய்கள் ஆடுகின்றன. அவற்றின் ஆட்டத்திற்கு ராய் தேர்ந்தெடுத்தது தென்னாட்டுத் தாளவாத்தியக் கச்சேரியை. அரசர்க்கு மிருதங்கம், உழவர்க்குக் கஞ்சிரா, விறைப்பான ஆங்கிலேயர்க்குக் கடம், பருத்தோர்க்கு மோர்சிங். வீணை, குழல் போன்ற இசைக்கருவி எதனையும் அங்கே அவர் சேர்க்கவில்லை. கதையும் மொழியும் வங்காளத்தவை. பேய்களை ஆட்டுவிக்கும் தாளமோ நம் கச்சேரி மேடைக்கு உரியது. கல்கத்தாவில் வளரும் தமிழ்ப் பிள்ளை அந்நடனத்தைக் காணும்போது, வீட்டில் தாத்தா தொடையில் போடும் தாளத்தை அதில் அடையாளம் கண்டுகொள்ளும்.

படத்தின் உச்சக்கட்டம் போர்க்களம். ஹல்லா நாட்டு அரசன் இயல்பில் சாந்தன். அமைச்சன் தரும் மாய மருந்தால் கொடியவனாகிறான். அமைச்சன் வயிறார உண்கிறான். படைவீரரோ பசியால் வாடுகின்றனர். போரிட்டு என்ன பெறப்போகிறீர்கள் என்று கூப்பி பாடுகிறான். படை அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. வீரர்கள் படைக்கலங்களை எறிந்துவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகின்றனர். பாட்டு அவர்களை நிறுத்தியது. சோறு அவர்களை மனிதராக்கியது. சிறுவர் சிரிக்கும் இக்காட்சியில் பெரியோர்க்கும் பாடம் உண்டு. பசித்தவனைப் போருக்கு அனுப்புவோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர்.

1980-இல் வெளிவந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ என்னும் அடுத்த படத்தில் அதே இருவர் வைர நாட்டுக் கொடுங்கோலனை எதிர்கொள்கின்றனர். அவன் பள்ளியை மூடுகிறான். மக்களின் மூளையைக் கழுவ இயந்திரம் செய்விக்கிறான். பாட்டு காவலரை நிறுத்துகிறது. ஆசிரியரும் மாணவரும் வெல்கின்றனர். இறுதியில் தன் இயந்திரத்திலேயே அகப்பட்ட அரசன், தன் சிலையை வீழ்த்தும் கயிற்றைத் தானும் பிடித்து இழுக்கிறான்.

பாட்டனார் எழுதினார், அவரைக் காணாத பேரர் பாட்டமைத்தார். நம் குழந்தைகளிற் பலரும் தாத்தா பாட்டியரை ஆண்டிற்கு ஒருமுறை காண்பதே அரிதாக வளர்கின்றனர். கதையைச் சொல்லி வைப்போம். தாளத்தைப் போட்டுக் காட்டுவோம். அயல்மொழிப் பாட்டை அவர்கள் கொணரும்போது நாமும் சற்று நின்று கேட்போம். அதில் நம் வீட்டுக் கடத்தின் ஒலியும் கலந்திருக்கக் கூடும்.